விரிசல் மேல் பட்டி பூசி 68,500 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் கவனத்துக்கு

எங்கள் விமானத்தில் விழுந்த விரிசலைச் சரிசெய்கிறோம் என்று சொல்லி, அதை மறைத்துக் கொடுத்ததற்கு எங்களிடம் வாங்கிய கூலி 68,500 ரூபாய். நேற்று சாயங்காலம்தான் முழு விவரமும் தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. ஆறப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்பதால் இப்போதே எழுதுகிறேன். வீட்டில் சின்ன விமானமோ மைக்ரோலைட்டோ கட்டுகிறவர்கள், கட்டியதைப் பழுது பார்க்க வெளியே கொடுக்கிறவர்கள், தயவுசெய்து முழுசாகப் படியுங்கள். வழக்குப் போடப் போகிறோம், அதனால் பெயர் எதுவும் போட வேண்டாம் என்று வக்கீல் சொல்லிவிட்டார். வெளியூரில், பெருநகரம் ஒன்றில் இருக்கிற வெல்டிங் ஒர்க்‌ஷாப். வேலைக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிற ஆன்லைன் தளம் ஒன்றில் கிடைத்தது. இதுமாதிரி வேலையை வெளியே கொடுக்கும்போது என்னென்ன பார்க்கவேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் வீடு காரைக்குடிக்குப் பக்கத்துக் கிராமத்தில். செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் எல்லாம் எப்படியோ அப்படித்தான், வீடு நிறைய இடம், இருக்கிற ஆள் மூன்று பேர். ஒரு காலத்தில் கல்யாணப் பந்தி நடந்த இரண்டாங்கட்டில் அண்ணன் விமானம் கட்டுகிறார். மலேசியாவில் வேலை பார்த்தபோது பறக்கப் பழகி உரிமம் எடுத்தவர். அழகப்பச் செட்டியார் ஜூபிடர் ஏர்வேஸ் என்று விமானக் கம்பெனியே நடத்தியவர், நம் ஊர்க்காரனுக்கு இது என்ன புதுசா என்று எங்கள் அப்பச்சி (அப்பா) இருந்தவரை சொல்லிக்கொண்டே இருப்பார். இரண்டு பேர் உட்காரும் வண்டி. இறக்கை மரமும் துணியும், உடல்கூடு 4130 என்கிற உலோகக்கலவை எஃகுக் குழாய். பறக்கவிட டி.ஜி.சி.ஏ. (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) பதிவும் அனுமதியும் வேண்டும், அதற்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது. இதுவரை நடந்ததெல்லாம் எங்கள் சொந்தப் பொட்டலில் என்ஜினைப் போட்டு உருட்டிப் பார்த்ததுதான்.

அப்படி உருட்டும்போது வலது சக்கரம் ஒரு மேட்டில் ஏறி இறங்கியது. வீட்டுக்குக் கொண்டுவந்து துடைத்துப் பார்த்தால், சக்கரக்கால் உடல்கூட்டோடு சேருகிற முடிச்சில், வெல்டிங்கை ஒட்டி ஒரு கோடு. எஃகுக் குழாய் விமானங்களில் விரிசல் பெரும்பாலும் அங்கேதான் பிறக்கும். வெல்டிங் முடிந்து குழாய் ஆரம்பிக்கிற ஓரம், என்ஜின் தாங்கி, சக்கரக்கால் முடிச்சு, இந்த மூன்று இடத்தையும் எப்போதும் சந்தேகத்தோடு பார்க்கவேண்டும். குழாயின் கனமே 0.9 மில்லிமீட்டர்தான். ஒரு தடவை வாய் திறந்துவிட்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு குலுக்கலுக்கும் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போகும். நிற்கிற வண்டியில் ஒன்றும் தெரியாது.

உள்ளூரில் முதலில் கேட்டோம். இரும்புக் கேட், டிரெய்லர் எல்லாம் அற்புதமாகச் செய்கிற ஒரு வெல்டர் அண்ணன் வந்து பார்த்தார். குழாயைத் தட்டினார், கையால் தடவினார். "இது எனக்கு வேணாம் தம்பி. ஆள் ஏறிப் போற சாமான். மெல்லிசுத் தகடு, நான் தொட்டா ஓட்டை விழுந்துரும். தெரிஞ்ச ஆளாப் பாத்துக் குடுங்க" என்றார். டீ குடித்துவிட்டு, ஒரு பைசா வாங்காமல் போனார். யோக்கியன் என்றால் அவர்.

அப்புறம்தான் அந்தத் தளத்தில் தேடி இவர்களைப் பிடித்தோம். "விமானத் தர வெல்டிங், ஆய்வு, சான்றிதழ்" என்று போட்டிருந்தார்கள். எடுத்தவுடன் பணம் கேட்கவில்லை. ஆய்வுக்கு ஒருத்தரை வீட்டுக்கே அனுப்பினார்கள். அந்த ஆள் வந்து நடந்துகொண்ட விதத்தை நான் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் அதில்தான் எங்களைச் சாய்த்தார்கள்.

செருப்பை முகப்பிலேயே விட்டுவிட்டு வந்தார். தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்து, டார்ச்சை நேராக அடிக்காமல் குழாயை ஒட்டிச் சாய்த்துப் பிடித்தார். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். அதுதான் சரியான முறை. வெளிச்சம் சாய்வாக விழுந்தால்தான் விரிசலின் உதடு நிழல் காட்டும். அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ.வின் பழுதுபார்ப்புக் கையேடு ஏசி 43.13-1பி-யில் அப்படித்தான் போட்டிருக்கிறது. வலதுபக்கம் பார்த்து முடித்துவிட்டு, நாங்கள் கேட்காமலே இடதுபக்கம் போனார். அங்கே எங்கள் கண்ணில் படாத இன்னொரு கோட்டை நகத்தால் தடவிக் காட்டினார். "இது இப்பத்தான் ஆரம்பிக்குது சார். வெல்டு மேல வெல்டு வைக்கக் கூடாது, உலோகம் நொறுங்கிப் போயிரும். பழசை முழுசா எடுத்துட்டு, கெட்ட துண்டை வெட்டிட்டு, வெளியே ஸ்லீவ் போட்டு, டிக் வெல்டிங். முடிச்சதும் மேக்னடிக் டெஸ்ட் எடுத்து போட்டோவோட ரிப்போர்ட்." ஒரு வார்த்தை தப்பில்லை. எல்லாம் கையேட்டில் இருப்பதுதான். ஸ்லீவ் என்றால் குழாய்மேல் போடுகிற உறைக்குழாய், டிக் என்பது வாயுக் காப்பில் மின்பொறியால் வைக்கிற வெல்டிங், மேக்னடிக் டெஸ்ட் என்பது காந்தமேற்றி விரிசலைக் கண்டுபிடிக்கிற சோதனை. ஆத்தா அவருக்கு வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும் வைத்து, "அப்பச்சி இல்லாத பிள்ளைக ஆசைப்பட்டுச் செய்யுதுக, நல்லபடியாப் பண்ணிக் குடுப்பா" என்றார்கள். "என் வண்டி மாதிரிப் பாத்துக்கிறேன் ஆச்சி" என்று கையைக் கூப்பிவிட்டுப் போனார்.

68,500 ரூபாய் என்று பேசி முடித்தோம். பாதி முன்பணம், மீதி வண்டி ஏற்றும் முன். டாடா 407 லாரி வாடகை எங்கள் செலவு, அது தனி. வேலை முடிந்ததும் அந்த முடிச்சுகளுக்குப் பெயிண்ட் அடிக்கக் கூடாது, வெல்டிங்கை நாங்கள் கண்ணால் பார்க்கவேண்டும் என்று அண்ணன் எழுதியே கொடுத்தார். குழாய்க்குள் துரு ஏறாமல் இருக்க ஆளிவிதை எண்ணெய் ஊற்றி வடிக்கவேண்டும் என்றும் எழுதினார். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார்கள்.

திரும்பி வந்தபோது முடிச்சு இரண்டும் சாம்பல் நிறத்தில் பளபளவென்று இருந்தன. பெயிண்ட் ஏன் என்று கேட்டால், "ஃப்ரீயாப் பண்ணிக் குடுத்தோம் சார்" என்றார் கூட வந்த பையன். வேலை முடிந்ததாக ஓ.டி.பி. சொன்னால்தான் ஃப்ரேமை இறக்குவேன், இல்லையென்றால் லாரி திரும்பிப் போகும் என்றார். வேறு வழியில்லாமல் சொன்னோம். இதை நன்றாகக் கவனியுங்கள், பின்னால் இந்த ஓ.டி.பி.தான் கழுத்தை அறுத்தது.

எங்கள் அம்மான் காரைக்குடி சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்), உலோகம் துருப்பிடிப்பதை ஆராய்கிற அரிமானப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். உலோகத்தோடு வாழ்ந்த மனிதர். "வெல்டிங் மேல பெயிண்ட் அடிச்சுக் குடுத்தா நான் நம்ப மாட்டேன்டா" என்று நேற்று மூன்று டப்பாவோடு வந்துவிட்டார்: துடைக்கிற திரவம், சிவப்புச் சாயம், விரிசலுக்குள் இறங்கிய சாயத்தை வெளியே இழுத்துக் காட்டுகிற வெள்ளை டெவலப்பர். முதலில் பெயிண்டை ரிமூவர் போட்டு எடுக்கச் சொன்னார். கம்பி பிரஷ் தொடவே கூடாது, தேய்த்தால் உலோகம் இழுபட்டு விரிசலின் வாய் மூடிக்கொள்ளும். பெயிண்ட் கசிந்து இறங்கியபோது அதோடு சேர்ந்து வெள்ளையாக ஏதோ பெயர்ந்து வந்தது. கார் டிங்கரிங்கில் போடுகிற பட்டி! விரலால் நெருடினால் உதிர்ந்தது. பட்டிக்குக் கீழே மஞ்சளாக மின்னியது பித்தளை. எஃகுக் குழாயின் விரிசல்மேல் பித்தளை வெல்டிங் வைத்து, அதன்மேல் பட்டி பார்த்து, அதன்மேல் பெயிண்ட்.

சுத்தமாகத் துடைத்துச் சாயம் அடித்து, அரைமணி நேரம் ஊறவிட்டு, திரவத்தில் நனைத்த துணியால் மெதுவாகத் துடைத்தார். திரவத்தை நேராகப் பீய்ச்சினால் விரிசலுக்குள் போன சாயமும் கழுவிக்கொண்டு வந்துவிடுமாம். வெள்ளைத் தூள் பூத்த மாதிரிப் படிந்தது. நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். பித்தளை முடிகிற இடத்தில் முதலில் ஒரு சிவப்புப் புள்ளி. அது கசிந்து, தலைமுடி மாதிரி ஒரு கோடாகி, குழாயைச் சுற்றி வளைந்து பின்பக்கம் போனது. கொடுத்து அனுப்பியபோது இருந்ததைவிட நீளம். இடதுபக்கமோ, அந்த ஆள் நகத்தால் தடவிக் காட்டிய கோடு அப்படியே இருந்தது. அதைத் தொடவே இல்லை.

ரிப்போர்ட்டை எடுத்து மறுபடி பார்த்தோம். மேக்னடிக் டெஸ்ட் போட்டோவில் இருக்கிற பட்டையில் இரண்டு போல்ட் ஓட்டை. எங்கள் சக்கரக்கால் பட்டையில் மூன்று. யாருடைய சாமானையோ எடுத்த படம்! தேதியும் எங்கள் ஃப்ரேம் அங்கே போய்ச் சேர்வதற்கு முந்தைய தேதி. எண்ணெய்க்கும் பில்லில் காசு போட்டிருந்தார்கள், குழாய் உள்ளே காய்ந்து கிடக்கிறது.

பணம் போனதைவிடக் கொடுமை என்ன தெரியுமா? பித்தளை பட்ட மூட்டில் மறுபடி எஃகு வெல்டிங் வைக்கவே கூடாது. சூட்டில் பித்தளை எஃகின் நுண்மணிகளுக்கு இடையில் ஊடுருவி, உள்ளேயே விரிசல் விழ வைக்கும். முன்பு ஒரு துண்டை மாற்றினால் போதும் என்று இருந்த இடம். இப்போது முடிச்சையே வெட்டி எடுக்கவேண்டும்.

போன் போட்டோம். முதலில் "சார் லைன்ல இருக்கார்". பிறகு "அது பெயிண்ட்ல வந்த கோடு தம்பி, விரிசல் இல்ல". போட்டோ அனுப்பியதும் "இறக்கும்போது நீங்க தட்டியிருப்பீங்க". பித்தளையைப் பற்றிக் கேட்டதும் "அது ஸ்பெஷல் ராடு, உங்களுக்குப் புரியாது". வீட்டுக்கு வந்து பணியாரம் சாப்பிட்ட ஆளின் நம்பர் இப்போது எடுப்பதே இல்லை. தளத்தில் புகார் போட்டால் ஒரே பதில்: ஓ.டி.பி. கொடுத்து வேலை முடிந்ததை உறுதிசெய்துவிட்டீர்கள், புகார் மூடப்பட்டது. திரும்பத் திறந்தால் திரும்ப மூடுகிறார்கள். 68,500 ரூபாய்க்கு ஒரு மனுஷக் குரல்கூடக் கிடைக்கவில்லை.

1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் அலோஹா விமானத்தின் கூரை நடுவானில் பிய்த்துக்கொண்டு போய், பணிப்பெண் ஒருவர் இறந்துபோனார். விமானத்தில் ஏறும்போதே உடலில் விரிசலைப் பார்த்ததாகப் பயணி ஒருவர் பின்னால் விசாரணையில் சொன்னார். ஆய்வில் சேதத்தைக் கண்டுபிடிக்காமல் விட்டதுதான் காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. அங்கே கண்டுபிடிக்கத் தவறினார்கள். இங்கே கண்டுபிடித்து, நகத்தால் தடவிக் காட்டி, பிறகு பட்டி பூசி அனுப்பியிருக்கிறார்கள். அந்த இருக்கையில் என் அண்ணன் உட்காருவார் என்று அவர்களுக்குத் தெரியும். ஆத்தா முகத்துக்கு நேராகக் கை கூப்பியவர்கள்.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது எழுதுகிற நிலையில் இல்லை. அவசரமாகச் சிலது:

பெயிண்ட் அடித்து வந்தால் ஃப்ரேமை இறக்கவே இறக்காதீர்கள். சரிபார்த்து முடிக்கிறவரை ஓ.டி.பி. சொல்லாதீர்கள். ரிப்போர்ட்டுப் போட்டோவில் உங்கள் சாமான்தான் இருக்கிறதா என்று ஓட்டை ஓட்டையாக எண்ணுங்கள். கொடுக்கும் முன் குழாயில் பெயிண்ட் மார்க்கரால் ஓர் அடையாளம் எழுதிவிடுங்கள், போட்டோவில் அது தெரிந்தால்தான் மீதிப்பணம் என்று சொல்லுங்கள் (பஞ்ச் வைக்காதீர்கள், வெல்டிங்குக்குத் தள்ளி, சும்மா மேலோட்டமாகக் கீறினாலும் அந்தக் கீறலிலேயே விரிசல் பிறக்கலாம்). அலுமினிய வண்டி வைத்திருப்பவர்களிடம் யாராவது மேக்னடிக் டெஸ்ட் எடுத்துத் தருகிறேன் என்றால் அப்போதே எழுந்து வந்துவிடுங்கள், அலுமினியத்தில் அது வேலையே செய்யாது. மஞ்சள் ராடு கையில் எடுத்தால் நிறுத்துங்கள்.

ஏமாந்தவர்கள் 1915 எண்ணில் நுகர்வோர் உதவி மையத்துக்குச் சொல்லலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கடை இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. நாங்கள் சிவகங்கையில் போடுகிறோம். பட்டித்துண்டு, பில், ரிப்போர்ட், சாயம் கசிந்த போட்டோ எல்லாம் பத்திரமாக இருக்கிறது. 68,500 ரூபாயும் வாங்காமல் விடமாட்டோம்.

ஒரே ஓர் உதவி. இரண்டு போல்ட் ஓட்டை போட்ட பட்டை, அதன் ஓரத்தில் பச்சையாக ஒளிர்கிற கோடு, படத்தின் மூலையில் நீல மார்க்கரில் எழுதிய எண். இந்தப் போட்டோ உங்களுக்கு வந்த ரிப்போர்ட்டிலும் இருந்தால் உடனே எனக்கு எழுதுங்கள். ஃப்ரேமை வெளியே எடுக்காதீர்கள்.