உர்சுலா லெ குவினை வாசகர் வட்டத்துக்கு அறிமுகப்படுத்த ஏற்ற புத்தகம்

மிகைபுனைவு (ஃபேண்டஸி) என்றாலே தலையணை மொத்தத்தில் ஏழெட்டுப் பாகம், பக்கத்துக்குப் பக்கம் போர் என்று ஒதுங்குகிறவர்கள் எல்லா வாசகர் வட்டத்திலும் உண்டு. அவர்களிடம் முதலில் கொடுக்க வேண்டியது அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா கே. லெ குவினின் ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’. 1968-ல் வந்த நாவல். மொத்தம் பத்தே அத்தியாயங்கள், ஏறக்குறைய இருநூறு பக்கம். தொடக்கத்தில் ஒரு கிராமத்தின்மேல் நடக்கும் தாக்குதலை விட்டால் இதில் போரே கிடையாது.

கோன்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்த்துத் திரியும் கொல்லன் மகன் கெட். பிறவியிலேயே பெரும் மந்திர சக்தி, அதைவிடப் பெரிய கர்வம். ரோக் தீவின் மந்திரப் பள்ளிக்குப் போகிறான். சக மாணவன் ஜாஸ்பர் சீண்டிவிட, ராத்திரியில் குன்றின்மேல் நின்று, செத்துப்போன ஓர் அரசியின் ஆவியை அழைத்துக் காட்டுகிறான். உருவம் ஒரு கணம் தெரிகிறது. உடனே அந்த வெளிச்சம் கிழிந்து, முகமில்லாத கருப்பு உருண்டை ஒன்று பாய்ந்து அவன் முகத்தைப் பிறாண்டுகிறது. கிழிசலை மூடப்போய்ப் பள்ளியின் தலைவரே உயிரை விடுகிறார். இவ்வளவையும் லெ குவின் குரலை உயர்த்தாமல் சில பக்கங்களில் சொல்லி முடிக்கிறார். மிச்ச நாவல் முழுக்க அந்த நிழலுக்கும் கெட்டுக்கும் நடுவே நடக்கும் துரத்தல்தான். கூட்டத்தில் விவாதிக்க இந்த நான்காம் அத்தியாயம் ஒன்றே போதும்: தப்பு ஜாஸ்பருடையதா, கெட்டுடையதா, பையன்களின் போட்டியைக் கண்டுகொள்ளாத ஆசிரியர்களுடையதா?

இரண்டு கூட்டமாகப் பிரிப்பது நல்லது. முதல் கூட்டத்துக்கு 1 முதல் 5 வரை. ஐந்தாம் அத்தியாயத்தில் டிராகனோடு நடக்கும் பேரம் முடிகிற இடம் நிறுத்துவதற்கு ஏற்றது. இரண்டாவதற்கு 6 முதல் 10 வரை. கடைசி அத்தியாயத்தைப் படிக்காமல் இரண்டாம் கூட்டத்துக்கு யாரும் வரக்கூடாது என்று முன்கூட்டியே கறாராகச் சொல்லிவிட வேண்டும். முடிவு தெரிந்துவிட்டால் இந்த நாவலில் பாதி சுவை போய்விடும்.

புதிய வாசகர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, தீவுகளின் பெயர்கள். கதை முழுக்கப் படகிலேயே நகர்வதால், எந்தத் தீவு எந்தத் திசையில் என்று பிடிபடாதவர்கள் ஆறாம் அத்தியாயத்தோடு புத்தகத்தை மூடிவிடுவார்கள். மின்நூலில் வரைபடம் மிகச் சிறிதாக வரும். அதனால் ஏ3 தாளில் பெரிதாக அச்சிட்டு எல்லாருக்கும் கொடுங்கள். வடகிழக்கே கோன்ட், நடுவே ரோக், மேற்கே பெண்டோர், வடக்கே ஓஸ்கில், தென்கிழக்கே இஃபிஷ் ஆகிய ஐந்தையும் வட்டமிட்டுக் கொடுத்தால் வழி தவறாது. மற்றொன்று, நடை. முதல் சில பக்கங்களில் உரையாடல் குறைவு. பழைய வீரகதையைப் பாணர் சொல்வதுபோல இருக்கும். கண்ணால் வேகமாக ஓட்டினால் வறட்சியாகத் தோன்றும். வாய்விட்டுப் படித்தால் அதன் தாளம் உடனே பிடிபடும். முதல் கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தை அதற்கே ஒதுக்குங்கள்.

இஃபிஷ் தீவின் சமையலறைக் காட்சியை அவசரமாகத் தாண்டிப் போக விடாதீர்கள். மந்திரத்தால் இறைச்சிப் பண்டம் வரவழைக்க முடியுமென்றால் பயணத்துக்கு எதற்குச் சாப்பாடு கட்ட வேண்டும் என்று கெட்டின் நண்பன் வெட்ச்சின் தங்கை (அவள் பெயர் ‘யாரோ’, Yarrow) கேட்கிறாள். வரவழைக்கலாம், மணக்கும், ருசிக்கும், வயிறு நிறைந்ததாகவும் தோன்றும், ஆனால் பசித்தவன் உடம்பில் பலம் ஏறாது என்று பதில் வருகிறது. எர்த்சீ என்ற இந்தக் கற்பனைத் தீவுலகில் மந்திரம் எதுவரை செல்லும் என்பதை இந்த எளிய பேச்சு காட்டிவிடுகிறது.

நிறம் பற்றியும் பேசியாக வேண்டும். கெட் செம்பழுப்பு நிறத்தவன், நண்பன் வெட்ச் நல்ல கருப்பு. வெள்ளைத் தோல்காரர்கள் முதல் அத்தியாயத்தில் கிராமத்தைத் தாக்க வரும் கார்காட் படையினர். லெ குவின் இதைப் போகிறபோக்கில் சொல்கிறார், அதனால் பலர் கவனிப்பதேயில்லை. 2004-ல் வந்த தொலைக்காட்சித் தொடர் கெட்டை வெள்ளையனாக்கியபோது அவர் வெளிப்படையாகவே எதிர்த்தார்.

குறையும் உண்டு. பெண்களின் மந்திரம் பலவீனமானது, தீயது என்று முதல் அத்தியாயத்திலேயே கோன்ட் தீவின் பழமொழி இரண்டு வருகின்றன. ரோக் பள்ளியில் ஆண்களுக்கு மட்டுமே இடம். கூட்டத்தில் யாராவது இதைக் கேட்டுக் கோபப்பட்டால் சப்பைக்கட்டு கட்டாதீர்கள், அந்தக் கோபம் நியாயமானது. லெ குவினே இந்தக் கேள்வியோடு திரும்பி வந்து 1990-ல் எர்த்சீ வரிசையின் நான்காம் நாவலான ‘டெஹானு’வை எழுதினார். ஆனால் அதை உடனே எடுக்கக்கூடாது. முதல் மூன்று நாவல்களையும் படிக்காதவருக்கு அதன் வலி புரியாது.

லெ குவினை அறிமுகப்படுத்தப் பலரும் 1973-ல் வந்த ‘ஓமெலாஸ்’ சிறுகதையைத்தான் எடுக்கிறார்கள். சில பக்கம்தான், ஒரே அமர்வில் முடியும் என்பது காரணம். அருமையான கதை. ஆனால் கூட்டம் முழுக்க அறவிவாதமாகிவிடும், எழுத்தாளர் காணாமல் போய்விடுவார். நாவலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அப்பா ஆல்ஃபிரட் க்ரோபர் மானுடவியலாளர், லெ குவினே ‘தாவோ தே சிங்’ என்ற பழைய சீனத் தத்துவ நூலுக்கு 1997-ல் ஆங்கில வடிவம் தந்தவர் போன்ற வாழ்க்கைக் குறிப்புகளும் இரண்டாம் கூட்டத்தின் கடைசிப் பத்து நிமிடத்துக்குத்தான். ஒவ்வொரு தீவுக்கும் தனித் தொழிலும் வழக்கமும் இருப்பதையும், சமநிலை பற்றிய பேச்சு அடிக்கடி வருவதையும் வாசகர்கள் தாங்களே கவனித்த பிறகு சொன்னால்தான் அந்தக் குறிப்புகளுக்கு மதிப்பு.

சார்ல்ஸ் வெஸ் ஓவியங்களோடு 2018-ல் வந்த எர்த்சீ முழுத் தொகுப்பு பார்க்க அழகு. ஆறு புத்தகங்களும் ஒரே கட்டில் அடங்கும். ஆனால் ஆயிரம் பக்கத்தை ஒட்டிய அந்தக் கனத்தைப் பேருந்தில் தூக்கிக்கொண்டு போய்ப் படிக்க முடியாது. வட்டத்துக்குத் தனி நாவலின் பேப்பர்பேக்கே சரி.

முதல் நாவல் பிடித்துப்போனால் அடுத்து ‘தி டூம்ஸ் ஆஃப் அடுவான்’. சிறுவயதிலேயே வீட்டிலிருந்து பிரித்துக் கொண்டுபோய்ப் பூசாரியாக்கப்பட்ட டெனார் என்ற பெண்ணின் கதை. பெரும்பாலும் ஒரே இடத்தில், நிலத்தடிச் சுரங்கப் பாதைகளில் நடப்பதால் வரைபடமே தேவைப்படாது. கெட் வெகுநேரம் கழித்துத்தான் வருகிறான். அதை முன்பே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் அவனைத் தேடிக்கொண்டே டெனாரைத் தவறவிடுவார்கள்.