14 மாதமாக இடுப்பில் ஒரு கிரீச்

டாலஸில் இருக்கும் நண்பனுக்குப் போன மாதம் கிரீன் கார்டு வந்தது. எச்1பி விசாவில் இருந்தவரை துப்பாக்கி வைத்துக்கொள்ள முடியாது (வேட்டை லைசென்ஸ் என்று ஒரு சந்து இருக்கிறது, அது வேறு கதை). கார்டு கைக்கு வந்த வாரமே கிளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கிவிட்டான். நேற்று போனில், "மச்சி, உறை தோல்ல வாங்கவா, கைடெக்ஸ்ல வாங்கவா?" என்றான். கைடெக்ஸ் என்பது ஒரு விறைப்பான பிளாஸ்டிக். அரை மணி நேரம் பேசியும் எனக்கே பதில் பிடிபடவில்லை.

நான் வைத்திருப்பது பேன்ட்டுக்குள் செருகும் தோல் உறை. சரியாகச் சொன்னால் இது இரண்டாவது. முதலாவதை நானே கொன்றேன். ஆம்பூர்ப் பக்கம் பிறந்தவனுக்குத் தோலைப் பற்றி யார் பாடம் எடுப்பது என்ற திமிர். புதுச் செருப்பு கடித்தால் ஊரில் தேங்காய் எண்ணெய் தடவுவோம் இல்லையா, அதே புத்தியில் உறைக்கும் தடவினேன். தோல் குழைந்து வாய்ப்பகுதி சுருண்டுவிட்டது. செருப்பென்றால் அதுதான் வேண்டும். உறைக்கு அது ஆபத்து: துப்பாக்கியைத் திரும்பச் செருகும்போது தொளதொளத்த தோல் மடிப்பு உள்ளே புகுந்து விசையை (டிரிக்கரை) அழுத்தினால் குண்டு பாய்ந்துவிடும். கிளாக்கில் கட்டைவிரலால் போடும் பூட்டும் கிடையாது. அன்றே குப்பைத்தொட்டி.

இரண்டாவதை ஒழுங்காகப் பழக்கினேன். புதிதில் அவ்வளவு இறுக்கம், துப்பாக்கியை உருவினால் பேன்ட்டும் சேர்ந்து மேலே வந்தது. குண்டுகள் இருக்கும் மேகசினைக் கழற்றி, துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடை இழுத்து, சுடுவதற்குக் குண்டு உட்காரும் இடம் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பார்த்து, குண்டுகளை அடுத்த அறையில் வைத்துவிட்டு, ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைத் துப்பாக்கி மேல் இரண்டு சுற்று சுற்றி உறைக்குள் அழுத்தினேன். லேசாக அசைத்துவிட்டு ராத்திரி முழுக்க அப்படியே வைத்தேன். அப்புறம் தினமும் காலித் துப்பாக்கியால் 20, 30 தடவை உருவிச் செருகினேன். தண்ணீரில் ஊறவைப்பது, அடுப்பில் காட்டுவது எதுவும் இல்லை. இரண்டு வாரத்தில் துப்பாக்கியின் வடிவம் தோலில் பதிந்து, தலைகீழாகப் பிடித்தாலும் விழாத, இழுத்தால் அடம்பிடிக்காத ஒரு பதத்துக்கு வந்தது. கைடெக்ஸ் பிளாஸ்டிக் விலாவில் குத்தும். இது உடம்போடு ஒட்டிக்கொண்டது. ஹூஸ்டனிலிருந்து காரில் டாலஸ் வரை போனாலும் இருப்பதே தெரியாது.

எனக்குத் தெரியாது. ஊருக்குத் தெரியும்.

உட்கார்ந்தால் கிரீச். குனிந்தால் கிரீச். மாடிப்படியில் படிக்கு ஒன்று. மறைத்து வைக்கத்தானே இத்தனை பாடும், தொளதொளச் சட்டையும்? கடையில் பில் போட நிற்கும்போது முன்னால் நின்ற குழந்தை திரும்பி என் இடுப்பையே பார்க்கிறது. மனைவி ஒரு நாள், "என்னங்க, முட்டி தேஞ்சிருச்சா?" என்றாள், உண்மையான கவலையோடு.

சத்தம் எங்கிருந்து என்று கண்டுபிடிக்கவே இரண்டு மாதம். உறைக்குள் இல்லை, உறையின் பட்டையும் என் தோல் பெல்ட்டும் உரசும் இடத்தில். டால்கம் பவுடர் தூவினால் நின்றுவிடுகிறது. நான்கு நாளைக்கு. பிறகு ஹூஸ்டன் வியர்வையில் பவுடர் களியாகி, பழைய பாட்டு தொடங்கும். செய்து கொடுத்தவருக்கு எழுதினேன். "போகப் போகச் சரியாகும்" என்று பதில் வந்தது. 14 மாதம் போய்விட்டது, ஐயா.

குறை சொல்கிறேன் என்பதற்காக வேலைப்பாட்டைப் பழிக்க மாட்டேன். தையலில் ஒரு நூல் பிரியவில்லை. வாய்ப்பகுதி இன்னும் விறைப்பாக நிற்கிறது. ராத்திரியில் மட்டும் துப்பாக்கியை இதில் விட்டு வைப்பதில்லை. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், இரும்புக்கு ஆகாது. உறை கொக்கியில் தொங்கும், துப்பாக்கி பெட்டகத்துக்குள் போகும்.

ஆக, மச்சி, கைடெக்ஸே வாங்கு. பழக்க வேண்டாம், கத்தாது. நானும் ஒன்று வாங்கினேன், மூன்று வாரம் போட்டேன், இப்போது அது அலமாரியில் கிடக்கிறது. வேண்டுமானால் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள். வரும்போது ஒரு பவுடர் டப்பா வாங்கி வா, இங்கே தீர்ந்துவிட்டது.