ஏ.ஆர்.-15க்கு .22 பயிற்சி: மாற்றுத்தொகுதியா, மேற்பகுதியா, தனித் துப்பாக்கியா?

அமெரிக்காவில் .223 தோட்டாவைச் சுடும் ஏ.ஆர்.-15 வகை அரைத்தானியங்கித் துப்பாக்கி வைத்திருப்போர், பயிற்சிக்கு .22 எல்.ஆர். என்னும் சிறிய, மலிவான தோட்டாவை நாடுவதற்கு முதற்காரணம் செலவுதான். ஆனால் ஒலி குறைந்து, பின்னுதைப்பும் ஏறத்தாழ இல்லாமற்போவதால், சுடுபவரின் கவனம் முழுவதும் விசையை அழுத்தும் விரலிலேயே நிலைக்கிறது என்பதே மெய்யான ஆதாயம்.

மாற்றுத்தொகுதி, தனி மேற்பகுதி, தனித் துப்பாக்கி என்னும் மூன்று வழிகளில் மலிவானது மாற்றுத்தொகுதி. துப்பாக்கியில் தோட்டாவை அறைக்குள் தள்ளி அடைக்கும் போல்ட் தொகுதியைக் கழற்றிவிட்டு .22க்குரிய போல்ட்டையும் மேகசினையும் (தோட்டாக்கூட்டையும்) பொருத்தினால் போதும். அமெரிக்க இராணுவம் ஏ.ஆர்.-15இன் இராணுவ வடிவமான எம்-16க்காக எம்261 என்னும் இத்தகைய தொகுதியைப் பயன்படுத்தியிருக்கிறது. குறை குழலில் இருக்கிறது. குண்டைச் சுழலவைக்க .22 குழலின் உட்புறத்தில் வெட்டிய சுழல்பள்ளம் பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்றுச் சுற்றுகையில், இன்றைய ஏ.ஆர்.-15 குழல்கள் பெரும்பாலானவற்றில் 7 முதல் 9 அங்குலத்துக்குள் ஒரு சுற்று முடிந்துவிடுகிறது; .22 குண்டுக்கு இது தேவைக்கு மிஞ்சிய சுழற்சி. அதோடு, .223 தோட்டாவின் வடிவில் அமைந்து தோட்டா அமரும் அறையை நிரப்பும் அறைச்செருகியைக் கடந்து சிறிது தூரம் பாய்ந்த பிறகே குண்டு பள்ளங்களைப் பற்றுவதால், 25 கஜத்தில் பொறுத்துக்கொள்ளத்தக்க சிதறல் 50 கஜத்தில் விரிந்து, பிழை விரலுடையதா குழலுடையதா என்று கற்பவர் அறிய முடியாத நிலை உண்டாகிறது. பயிற்சியின் நோக்கத்தையே இது குலைப்பதாக நான் கருதுகிறேன். குழலிலிருந்து வாயு பிரியும் துளையில் ஈயமும் மெழுகும் படியும் தொல்லை வேறு; தொகுதியை ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குறிக்கருவியையும் மறுபடி சரிபார்க்க வேண்டும்.

.22க்கென்றே செய்த குழலுடன் வரும் தனி மேற்பகுதி இந்தக் குறைகள் அனைத்தையும் நீக்குகிறது. இரண்டு ஊசிகளைத் தள்ளி மேற்பகுதியை மாற்றினால், தமக்குப் பழகிய அதே விசை, அதே பாதுகாப்புப் பொத்தான், அதே தோள்கட்டையோடு சுடலாம். குறிக்கருவி அதன்மேலேயே நிலையாக இருக்கும். விலை கூடுதல்தான். கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் திறந்து நிற்காத வகைகளும் உண்டு என்பதால், மேகசின் மாற்றும் பயிற்சியை முதன்மையாகக் கருதுவோர் அதை விசாரித்து வாங்க வேண்டும். ஏற்கெனவே துப்பாக்கி உள்ளவருக்கு என் பரிந்துரை இதுவே.

தனித் துப்பாக்கிகளில், 2009இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி15-22 ஏ.ஆர்.-15ஐக் கையாளும் முறையை அப்படியே கொண்டது. பாலிமர் உடலால் எடை சுமார் இரண்டரைக் கிலோவே ஆவதால், வளரும் பிள்ளைகளுக்கும் புதியவர்களுக்கும் கையாள எளிது. உரிமையாளரின் துப்பாக்கியினுடைய எடையுணர்வை மட்டும் அது தராது. 1964 முதல் விற்பனையிலிருக்கும் ரூகர் 10/22 நம்பகமானது, ஆனால் அதன் பாதுகாப்புப் பொத்தானும் மேகசின் விடுவிப்பும் வேறிடத்தில் இருப்பதால், குறிபார்க்கப் பழக்குமேயன்றி ஏ.ஆர்.-15இன் கைப்பழக்கத்தைத் தராது.

எதை வாங்கினாலும் 40 கிரெயின் (சுமார் 2.6 கிராம்) எடைக் குண்டுள்ள அதிவேகத் தோட்டாவே தானியங்கிப் பொறியைச் சீராக இயக்கும்; ஒலிவேகத்துக்குக் குறைந்தவை பல வேளைகளில் போல்ட்டை முழுதும் பின்தள்ளுவதில்லை. சிறிய தோட்டாதானே என்று, குண்டைத் தடுக்கும் மண்மேடில்லாத வெளியில் சுடுவது பெருந்தவறு, ஏனெனில் இந்தக் குண்டு ஒரு மைலுக்கு மேலும் செல்லக்கூடியது.