மந்தைவெளியில் குழந்தைகளுக்கான ஒரு வாடகை நூலகம்

மந்தைவெளிப் பேருந்து நிலையத்திலிருந்து சில நிமிட நடையில், ஒரு பழைய வீட்டின் முன்னறையில் இயங்கும் இந்த நூலகத்தில் என் மகள் சேர்ந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. வாசலில் பெயர்ப் பலகை கிடையாது; நடத்துபவர் விளம்பரத்தை விரும்பாததால் நானும் பெயரைத் தவிர்க்கிறேன். முன்பணம் 500 ரூபாய், மாதச் சந்தா 150 ரூபாய், ஒரு முறைக்கு மூன்று நூல்கள்.

இந்த இடத்தை மதிப்பிட வேண்டுமானால் அதை நடத்தும் அம்மையாரின் பணிவாழ்விலிருந்துதான் தொடங்க வேண்டும். கிளை நூலகங்களில் முப்பது ஆண்டுகளுக்கும் மேல் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். அதே காலத்தில் சிறுவர் இதழ்களுக்குக் கதைகளும் எழுதி வந்தவர். தமக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவை திரும்பி வந்த நூல்கள்தாம் என்கிறார். பிள்ளைகள் படிப்பதை நிறுத்திய இடத்தில் தாளின் ஓரத்தை மடித்து வைத்திருப்பார்கள். அந்த மடிப்பை நீவிவிடுவதற்கு முன், பக்க எண்ணையும் அந்தப் பக்கத்தில் என்ன நடக்கிறது என்பதையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்வது அவர் வழக்கம். அந்த நோட்டுகளில் ஒன்றை எனக்குக் காட்டினார். 'பெரியவர் அறிவுரை' என்ற சொற்கள் ஒரே தாளில் நான்கு நூல்களுக்கு எதிரே எழுதப்பட்டிருந்தன. அவருடைய கதைகளில் தாத்தாக்கள் ஏன் வாயே திறப்பதில்லை என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922–1989) வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே பிள்ளைகளுக்கு எழுதியவர். சம்பளத்துக்கு ஒரு வேலை, மனத்துக்கு எழுத்து என்ற ஏற்பாடு தமிழில் புதிதன்று. இந்த அம்மையாருக்கோ இரண்டும் ஒரே மேசையில் நடந்திருக்கின்றன.

நூல்களை அடுக்கியிருக்கும் விதத்திலும் அது தெரிகிறது. மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துவிட்டு 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன், 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்பது. அதைச் சுவரில் எழுதி மாட்டியிருக்கும் நூலகங்களைப் பார்த்திருக்கிறேன். இங்கே மாட்டவில்லை, செய்கிறார்கள். ஆறு மாதமாக யாரும் தொடாத நூல் அலமாரியிலிருந்து இறங்கி மேசைக்கு வந்துவிடும். வருகிற பிள்ளைக்கு முதல் பக்கத்தை அவரே வாசித்துக் காட்டுவார்; இரண்டாம் பக்கத்தை வாசிக்க மாட்டார். எறும்புகளைப் பற்றிய, அட்டை மங்கிப்போன ஒரு நூலை என் மகள் அப்படித்தான் எடுத்துவந்து இரண்டு முறை படித்தாள். படக்கதைகள் தரையோடு ஒட்டிய தட்டில், அட்டை தெரியும்படி நிற்கின்றன. மேல் தட்டுகளில் 'பேய் வரும்', 'நாய், பூனை', 'அழுகை வராது' என்று கையால் எழுதிய சீட்டுகள் ஒட்டப்பட்டிருக்கின்றன.

குறைகளும் உண்டு. தமிழில் அறிவியல் நூல்கள் குறைவு, இருப்பவையும் பழையவை. 2006-இல் புளூட்டோ கோள் என்ற தகுதியை இழந்துவிட்டது, ஆனால் இங்கிருந்த வானியல் நூலில் ஒன்பது கோள்களே சுற்றிக்கொண்டிருந்தன. சுட்டிக்காட்டியபோது அவர் வாதாடவில்லை. அடுத்த முறை போனபோது அந்தப் பக்கத்தில் திருத்தச் சீட்டு ஒட்டியிருந்தது. மாலை நான்கு மணி முதல் ஆறரை வரை மட்டுமே திறந்திருப்பதால், அலுவலகம் செல்லும் பெற்றோர் வார நாள்களில் வர இயலாது. கைப்பேசி வழியாகப் பணம் செலுத்தும் வசதி இல்லை. தாமதக் கட்டணம் பத்து ரூபாய்க்குச் சில்லறை இல்லாமல் நான் ஒரு முறை தெருமுனை வரை போய்வர நேர்ந்தது.

புத்தம் புதிய ஆங்கிலத் தொடர்களை எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்ற இடமன்று. தமிழில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்குத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சனிக்கிழமை கதை நேரத்துக்கு விரிக்கும் பாயில் பதினைந்து பிள்ளைகளுக்கு மேல் உட்கார முடியாது. நான்கு மணிக்கே போய்விடுவது நல்லது. பெற்றோருக்கு வெளியே திண்ணைதான், அதிலும் நிழல் விழும் பக்கம் இரண்டு பேருக்குத்தான் இடம் இருக்கும்.