நிகான் பி950: மடிப்பாக்கம் மொட்டை மாடியிலிருந்தும் பள்ளிக்கரணைக் கரையிலிருந்தும்

இந்தக் கேமரா வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மணிக்குப் படம் எடுப்பீங்க? காலை வெயிலிலும், நிலா மேலே ஏறிய இரவிலும் என்றால் தாராளமாக வாங்குங்கள். அந்தி சாய்ந்தபின் ஆந்தை எடுக்கணும் என்றால் வேண்டாம்.

நிகான் கூல்பிக்ஸ் பி950, 2020-இல் வந்தது. 35 எம்எம் ஃபிலிம் கேமராக் கணக்கில், குவியத்தூரம் 24 எம்எம்மில் ஆரம்பித்து 2000 எம்எம் வரை போகும் 83 மடங்கு ஜூம். லென்ஸ் கழற்றி மாட்டும் வேலை இல்லை. எடை ஒரு கிலோ. இதே எட்டத்தை டிஎஸ்எல்ஆரில் பிடிக்க என் சம்பளமும் தாங்காது, தோளும் தாங்காது. அதற்கு விலையாக, ஒளியை வாங்கும் சென்சார் மிகவும் சின்னது, அகலம் ஆறு மில்லிமீட்டர் சொச்சம். இதன் நல்லது கெட்டது எல்லாம் அங்கிருந்துதான் வருகிறது.

முதலில் நிலா. முழு ஜூமில் ஃபிரேம் உயரத்தில் முக்கால் பங்கை நிலா பிடித்துக்கொள்ளும். டயலில் நிலாவுக்கென்றே ஒரு மோடு இருக்கிறது, பழகும்வரை அது போதும். அப்புறம் மேனுவலுக்கு வந்துவிடுங்கள்: ஐஎஸ்ஓ (ஒளி உணர்வு) 100, அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பு) 6.5, பௌர்ணமிக்கு ஷட்டர் 1/250 நொடி, அஷ்டமிக்கு 1/100 பக்கம். டிரைபாடும் செல்ஃப் டைமரும் கட்டாயம். நிலா நகர்ந்துகொண்டே இருப்பதால் ஒரு நிமிடத்துக்குள் ஃபிரேமின் ஓரத்துக்குப் போய்விடும், திருப்பித் திருப்பி நடுவில் வைக்கணும்.

எல்லோரும் பௌர்ணமியன்று மாடிக்கு ஓடுகிறார்கள். அன்று வெளிச்சம் நேராக விழுவதால் நிழலே இருக்காது, டைக்கோ என்ற பள்ளத்திலிருந்து கிளம்பும் வெள்ளைக் கீற்றுகள் மட்டும் பளிச்சென்று தெரியும். பள்ளங்கள் வேண்டுமென்றால் வளர்பிறை அஷ்டமி, நவமி. இருளும் ஒளியும் சேரும் கோட்டில் தாலமி, அல்போன்சஸ், அர்சகேல் என்ற மூன்று பள்ளங்களும் வரிசையாக நிற்கும். மாசி, பங்குனியில் இன்னும் விசேஷம்: அஷ்டமி நிலா விளக்கு வைக்கிற நேரத்திலேயே கிட்டத்தட்ட உச்சிக்கு வந்துவிடும். காற்றின் வழியே பார்க்கும் தூரம் குறைவு, நடுக்கமும் குறைவு. சென்னையில் அடிவானத்து நிலாவை இந்த ஜூமில் எடுத்தால் கடல் ஈரத்தில் கொதிக்கிற மாதிரிதான் வரும்.

இவ்வளவு பெரிய குழலை மாடியில் நிமிர்த்தினால் அக்கம்பக்கத்தில் பேச்சு வரும், தெரிந்துகொள்ளுங்கள். எதிர்வீட்டு மாமா ஒரு தசமி இரவு நேராகவே வந்து, "என்னம்மா, எங்க வீட்டையா பார்க்கிறே?" என்றார். திரையில் காப்பர்னிகஸ் பள்ளத்தைக் காட்டினேன். "மனுஷன் கால் வெச்ச தடம் தெரியுமா?" என்றார். 93 கிலோமீட்டர் அகலம் என்பதால்தான் மாமா இதுவே தெரியுது, நாலைந்து கிலோமீட்டருக்குக் குறைந்த எதுவும் இதில் பிடிபடாது என்று சொல்லவேண்டி வந்தது.

பறவைக்கு வருவோம். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022-இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, எனக்கு ஸ்கூட்டரில் போகிற தூரம். ரேடியல் சாலையில் நின்று, தூரத்துப் பூநாரைக் கூட்டத்தை 2000 எம்எம்மில் இழுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். ஒன்பது மணிக்கு மேல் தண்ணீர்ப் பரப்பில் கானல் கிளம்பிவிடும். அதை எந்த லென்ஸாலும் தாண்ட முடியாது. இந்த ஜூம் தூரத்தை இழுக்க அல்ல, கிட்டே இருக்கும் சின்னதைப் பெரிதாகக் காட்டத்தான். கரையோரக் கோரையில் நீலத் தாழைக்கோழி ஒன்று தண்டை ஒடித்து, சிவந்த கால்விரல்களால் பிடித்துக்கொண்டு, அலகால் உரித்துத் தின்றது. விரல் மடிப்பும் தண்டின் நாரும் படத்தில் தனித்தனியாகத் தெரிகின்றன. வீட்டு முருங்கைப் பூவுக்கு வரும் தேன்சிட்டுக்கும் இதே கதைதான். ஜூமில் பறவை ஃபிரேமைவிட்டுப் போய்விட்டால் லென்ஸின் பக்கவாட்டில் ஒரு பட்டன்: அழுத்தினால் ஜூம் பின்வாங்கி இடம் தெரியும், விட்டால் பழையபடி நெருங்கும். இந்த ஒரு பட்டனுக்காகவே பாராட்டலாம்.

பறக்கிற பறவை கஷ்டம். கருப்பு வெள்ளை மீன்கொத்தி அந்தரத்தில் ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும்போது எடுத்துவிடலாம், பாய்வது கிடைக்காது. புள்ளி ஆந்தையோ வெளிச்சம் போனபின்தான் சுறுசுறுப்பாகும். ஐஎஸ்ஓ 1600-க்கு ஏற்றினால் அதன் இறகு ஈரத்துணியால் துடைத்த கோலமாகிவிடுகிறது.

பேட்டரி சுமார் 290 படம் என்பது கணக்கு, கூடுதலாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், மூடி இறுகும் டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வையுங்கள்.

இன்னும் பெரிய ஜூம் வேண்டும் என்று நிகானின் பி1000 பக்கம் பார்ப்பவர்களுக்கு: அது 3000 எம்எம், எடை 1.4 கிலோ. முழு ஜூமில் நிலா ஃபிரேமுக்குள் அடங்காமல் மேலும் கீழும் வெட்டுப்படும். கழுத்துவலி தனி.