கைப்பட்டை கட்டுவதா, கேபினெட்டைத் தொட்டால் போதுமா?

வீட்டில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறீர்கள் என்றால், உடம்பில் சேரும் நிலைமின்சாரம் (ஸ்டேட்டிக்) பாகங்களைக் கெடுக்காமல் இருக்க இரண்டு அறிவுரைகள் காதில் விழும். "பட்டை கட்டாமல் எதையும் தொடாதே" என்பார் ஒருவர்; மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும், ஒயரும் கிளிப்பும் உள்ள ஆன்ட்டி-ஸ்டேட்டிக் பட்டையைத்தான் சொல்கிறார். "கேபினெட்டை (கம்ப்யூட்டரின் உலோகப் பெட்டியை) ஒரு தடவை தொட்டுவிட்டு வேலையைப் பார்" என்பார் இன்னொருவர். இரண்டுமே வேலை செய்யும். ஆனால் முதல் தடவை உட்காருகிறவருக்கு நான் பட்டையைத்தான் சொல்வேன்.

விரல் நுனியில் சுருக்கென்று உணர உடம்பில் சுமார் 3000 வோல்ட் சேர்ந்திருக்க வேண்டும். சில சிப்புகளைக் கெடுக்க அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். ஷாக் அடிக்கவில்லை என்பதை வைத்து எதுவும் ஆகவில்லை என்று சொல்லிவிட முடியாது. பாகம் அப்போதே போய்விட்டால்கூடப் பரவாயில்லை. உள்ளே அரைகுறையாகப் பழுதாகி, பிறகு காரணமே பிடிபடாமல் மக்கர் செய்வதுதான் கொடுமை.

தொடும் முறைக்குச் செலவு இல்லை. பெயின்ட் அடிக்காத உலோகத்தைத் தொட்டதும் உங்கள் உடம்பும் கேபினெட்டும் ஒரே மின்னழுத்தத்துக்கு வந்துவிடும். சிக்கல் என்னவென்றால், அது அந்த நொடிக்கு மட்டும்தான். எழுந்து கார்ப்பெட்டில் நாலடி நடந்தாலோ, பிளாஸ்டிக் உறையை உரித்தாலோ மறுபடி மின்னூட்டம் ஏறிவிடும். ஒவ்வொரு பாகத்தை எடுக்கும் முன்பும் நினைவாகத் தொட வேண்டும். மதர்போர்டு ஒயர் எது எங்கே போகிறது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த நினைவுதான் முதலில் நழுவும்.

பட்டை அந்தப் பாரத்தை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. தோலில் படும்படி கட்டி, மறுமுனைக் கிளிப்பைக் கேபினெட்டின் வெறும் உலோகத்தில் மாட்டினால் போதும். மின்னூட்டம் சேரச் சேர வடிந்துகொண்டே இருக்கும். நல்ல பட்டையில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கும். தவறி மின்சாரம் ஓடும் இடத்தில் கை பட்டாலும் பட்டை வழியே பாயும் மின்னோட்டத்தை அது மிகக் குறைவாக மட்டுப்படுத்தும். ஒயர் அவ்வப்போது குறுக்கே வரும், அது உண்மை. ஒயரே இல்லாத பட்டையை மட்டும் வாங்காதீர்கள். மின்னூட்டம் வெளியேற அதில் வழியே கிடையாது.

ஆன்ட்டி-ஸ்டேட்டிக் விரிப்பு அடிக்கடி ரிப்பேர் பார்ப்பவர்களுக்குச் சரி. ஒரே ஒரு கம்ப்யூட்டருக்கு மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேற்புறமே போதும். ஆனால் அந்தப் போர்டு சுற்றி வந்த வெள்ளி நிற உறையின் மேல் வைத்து பவர் கொடுத்துவிடாதீர்கள். அந்த வகை உறை மின்சாரத்தைக் கடத்தக்கூடியது.

பவர் சப்ளையைப் பிளக்கில் சொருகி, அதன் சுவிட்சை மட்டும் அணைத்து வைத்தால் எர்த் கிடைக்குமே என்று சிலர் கேட்பார்கள். கிடைக்கும், வீட்டு எர்த் ஒழுங்காக இருந்தால். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சுவிட்சில் கை பட்டுவிட்டால் மதர்போர்டுக்கு ஸ்டாண்ட்பை மின்சாரம் (கம்ப்யூட்டரை ஆன் செய்யாதபோதும் வரும் மின்சாரம்) வந்துவிடும். நீங்களும் கேபினெட்டும் பாகங்களும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதுதான் இங்கே முக்கியம். அதற்கு எர்த் கட்டாயமில்லை. பிளக்கைக் கழற்றிவிடுங்கள். பாகத்தை உறையிலிருந்து எடுக்கும் முன் உறையோடு கேபினெட்டில் ஒரு கணம் வைத்து எடுங்கள். அப்புறம் ரேம் (RAM) ஆனாலும் கார்டு ஆனாலும், ஓரத்தைப் பிடித்தே தூக்குங்கள்.

வெறும் தரை, பருத்தி உடை, கொஞ்சம் ஈரப்பதமான காற்று, கை பழகிய ஆள் என்றால் தொடும் முறையே போதும். காற்று வறண்டு, காலுக்கடியில் கார்ப்பெட்டும் இருந்தால் அவரும் பட்டையைக் கட்டிக்கொள்வது நல்லது.