5 கேள்வியா, 25 கேள்வியா?

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் பள்ளிப் பிள்ளைகளின் மனநலத்தை ஆய்வு செய்யும் எம்.எட். மாணவர்கள் என்னிடம் கேட்பது இதுதான்: உலக சுகாதார நிறுவனத்தின் டபிள்யூ.எச்.ஓ-5 என்ற மனநல வினாத்தாளை எடுப்பதா, ராபர்ட் குட்மேன் 1997இல் வெளியிட்ட எஸ்.டி.க்யூ என்ற, பிள்ளையின் பலங்களையும் சிரமங்களையும் கேட்கும் வினாத்தாளை எடுப்பதா?

நேரம்: முன்னதில் 5 கேள்வி, சில நிமிடம். பின்னதில் 25, மெதுவாகப் படிக்கிற பிள்ளைக்கு அரை வகுப்பு போய்விடும்.

செலவு: தாளில் கொடுத்தால் மாணவர் ஆய்வுக்கு இரண்டுமே இலவசம்.

பதில் சொல்பவர்: முன்னதில் பிள்ளையே. பின்னதில் பெற்றோர், ஆசிரியர். 11 வயதானால் பிள்ளையும்.

காலம்: நம் கரைக்கு இதுதான் முக்கியம். முன்னது கடந்த 2 வாரத்தைக் கேட்கிறது, பின்னது 6 மாதத்தை. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பள்ளி திறந்த கையோடு ஜூன் முதல் வாரத்தில் கேட்டால், விசைப்படகு கரையில் நிற்கிற வீட்டின் நெருக்கடிதான் பதிலில் பேசும். அதையே ஆண்டு முழுக்க இருக்கும் மனநிலை என்று எழுதினால் அந்தப் பிள்ளைக்கு அநியாயம்.

ஆக, தடைக்காலத்துக்குள்ளும் பிறகும் வருகிற மாற்றத்தை அளக்க முன்னது. படபடப்பா, அடங்காமையா, சக மாணவரோடு ஒட்டாமையா என்று பிரித்துப் பார்க்கப் பின்னது.

அப்புறம், கவலை தரும் மதிப்பெண் வந்தால் பிள்ளையை யாரிடம் அனுப்புவது என்று தாள் கொடுக்கும் முன்பே தலைமை ஆசிரியரிடம் பேசி வையுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416ஐயும் குறித்துக்கொள்ளுங்கள்.